வெளியே கெம்பண்ணா இருந்தார்

அன்று நடந்தது, வரிசையாக:

1. காலை ஆறே முக்காலுக்கு மர்பி டவுனில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினேன்.
2. ஒன்பதரைக்கு ஆனேக்கல் கல்லூரி வாசலில் இருந்தேன்.
3. பத்தே காலுக்கு என் மாதிரி வகுப்பு தொடங்கியது.
4. பத்து நாற்பதுக்கு நான் "பெல் அடி" என்றேன்.
5. பத்து நாற்பத்தொன்றுக்கு மணி அடித்தது.
6. பத்து ஐம்பதுக்குள் கல்லூரி முழுவதும் மைதானத்தில் நின்றது.
7. பதினொரு மணிக்கு, என் யோசனைப்படி, மணி இரண்டாவது முறை அடித்தது.
8. பதினொன்றே காலுக்கு ஆய்வுக் குழுவின் கார் கேட்டுக்குள் நுழைய முடியாமல் நின்றது.

இந்த எட்டில் நான்காவதும் ஏழாவதும் என் தவறு. மற்றவை தாமாக வந்தவை.

இதை எழுதக் காரணம், எங்கள் வீட்டில் ஆளுக்கொரு விதமாக இந்தக் கதையைச் சொல்கிறார்கள். அப்பா சொல்லும்போது கல்லூரியில் இரண்டாயிரம் பேர் இருக்கிறார்கள். (ஐந்நூறு இருந்தால் அதிகம்.) என் தங்கை யசோ சொல்லும்போது நான் மேசை மேல் ஏறி நின்று கத்துகிறேன். (தரையில்தான் நின்றேன்.) அம்மா சொல்லும்போது கதையே கிடையாது, நேராகச் சிரிப்புக்குப் போய்விடுவார். ஒரு சரியான பிரதி எங்காவது இருக்கட்டும்.

முதலில் பின்னணி. நான் கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்துவிட்டு, இந்திரா நகரில் ஒரு சிறிய நிறுவனத்தில் இரண்டு வருடம் இணையதளங்களுக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு திங்கட்கிழமை எங்கள் குழுவைக் கலைத்துவிட்டார்கள். அடுத்த நான்கு மாதம் வீட்டிலிருந்து விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஆனேக்கலில் ஒரு கல்லூரியில் இணைய நிரலாக்கம் சொல்லித்தர கௌரவ விரிவுரையாளர் வேண்டும் என்று தெரிந்தது. நாற்பத்தைந்து நிமிடம் ஒரு மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். துறைத் தலைவர் ஷைலஜா மேடம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார். அவருக்குப் பிடித்தால் வேலை.

எனக்கு அந்த வேலை வேண்டும். என்னைவிட அப்பாவுக்கு வேண்டும். அப்பா அல்சூர் பக்கம் ஒரு பள்ளியில் அட்டெண்டர். இருபத்தெட்டு வருடமாக மணி அடிக்கிறார். மாதிரி வகுப்புக்கு அழைப்பு வந்த மறுநாளே அவர் பள்ளியின் ஆசிரியர் அறையில், "என் பெரிய பொண்ணு காலேஜ்ல லெக்சரர்" என்று சொல்லிவிட்டார். "இன்னும் ஆகலப்பா" என்றேன். "ஆயிடுவல்ல?" என்றார்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, கிளாஸுக்குள் ஒரு மெத்தட் இன்னொரு மெத்தடை எப்படி அழைப்பது என்பது. இது தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பி.எச்.பி. என்ற மொழியில் எழுதும்போது, ஒன்றோடொன்று சேர்ந்த வேலைகளை ஒரு கூரையின் கீழ் கொண்டுவந்து வைப்போம். அந்தக் கூரைதான் கிளாஸ். உள்ளே இருக்கும் ஒவ்வொரு வேலையும் ஒரு மெத்தட். ஒரு மெத்தட் தனக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொன்றைக் கூப்பிட்டு வேலை வாங்கலாம். ஆனால் வெறும் பெயரைச் சொன்னால் போதாது. ஒரு டாலர் குறி, திஸ் என்ற சொல், ஓர் அம்புக்குறி, இந்த மூன்றையும் பெயருக்கு முன்னால் போட வேண்டும். 'இதே கூரைக்குள் இருக்கிற நம்ம ஆள்' என்று அதற்கு அர்த்தம். போடாவிட்டால் பி.எச்.பி. உள்ளே திரும்பிக்கூடப் பார்க்காது. அந்தப் பெயரில் ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் சரி, நேராக வெளியே போய்த் தேடும். வெளியே அந்தப் பெயரில் யாரும் இல்லையென்றால் எரர் காட்டிவிட்டு நின்றுவிடும். இருந்தால், ஒரு கேள்வி கேட்காமல் அவரைக் கூப்பிட்டு வேலையை முடித்துவிடும்.

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் என் பாடக் குறிப்பில் சேர்க்கவில்லை. நேரம் போதாது என்று விட்டுவிட்டேன்.

பாடக் குறிப்பு மூன்று பக்கம். நிமிடவாரியாக எழுதியிருந்தேன். 'அறிமுகம்: 4. கரும்பலகை: 8. நகைச்சுவை: 1. சிரிப்பு அடங்க: அரை.' இடையில் ஒரு செயல்விளக்கம். மாணவர்கள் மூன்று பேர் எழுந்து வந்து மெத்தடாக நிற்பார்கள். 'கதவு திற', 'வருகை எடு', 'பெல் அடி'. கழுத்தில் அட்டை தொங்கும். நான் கையை அம்புக்குறி மாதிரி நீட்டி, "திஸ், பெல் அடி" என்றால் அந்த ஆள் மேசையில் தட்ட வேண்டும். அம்புக்குறி காட்டாமல் வெறுமனே "பெல் அடி" என்றால் அசையக் கூடாது. அறையே அமைதியாக இருக்கும். நான் கொஞ்ச நேரம் காத்திருந்து, "பார்த்தீர்களா? இதுதான் எரர்" என்பேன். குறிப்பில் இந்த இடத்தில் 'அமைதி: 5 நொடி' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன். என் வகுப்பின் உச்சகட்டம் அதுதான்.

முந்தின ஞாயிறு மத்தியானம் வீட்டில் ஒத்திகை. அம்மா 'கதவு திற'. யசோ 'வருகை எடு'. அப்பாவுக்கு அனுபவம் கருதி 'பெல் அடி' கொடுத்தேன். கையில் சில்வர் தட்டும் கரண்டியும்.

"அப்பா, நான் இப்படி கைய நீட்டிக் கூப்பிட்டா மட்டும் அடிக்கணும். சும்மா சொன்னா அடிக்கக் கூடாது. சரியா?"

"சரிம்மா."

"பெல் அடி!"

டங்.

"அப்பா! கைய நீட்டலயே!"

"நீதான கூப்ட?"

"கூப்டாலும் அடிக்கக் கூடாதுப்பா. எரர் வரணும்."

"என் சர்வீஸ்ல எரரே வந்ததில்ல" என்றார் அப்பா, கொஞ்சம் குரலை உயர்த்தி.

மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் டங்.

"அவருக்குக் கை நிக்காதுடி. தூக்கத்துல சொன்னாக்கூட எழுந்து அடிப்பாரு" என்றார் அம்மா.

"அக்கா, அப்பாவ டெலீட் பண்ணிட்டு வேற மெத்தட் எழுது" என்றாள் யசோ.

"கூப்பிட்டவங்க யாரு, உள்ள இருக்காங்களா வெளிய இருக்காங்களான்னு பாத்துக்கிட்டு நின்னா ஸ்கூல் நடக்குமா?" என்றார் அப்பா. தட்டை மட்டும் கீழே வைக்கவில்லை.

நான் நோட்டில் 'அப்பா ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிக்கொண்டு அடுத்த பகுதிக்குப் போனேன். மூன்று முறை தோற்ற ஒரு சோதனையை, சோதித்த ஆள் சரியில்லை என்று எழுதி மூடினேன். இரண்டு வருடம் மென்பொருள் துறையில் இருந்தவள் செய்யக்கூடிய காரியம்தான்.

அன்று காலை மார்க்கெட்டில் பஸ் மாறி ஆனேக்கல் போய்ச் சேர்ந்தேன். கல்லூரியில் ஒரே பரபரப்பு. மைதானத்தில் ஷாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் சில மாணவிகள் பெரிய கோலமாகப் போட ஆரம்பித்திருந்தார்கள். ஷைலஜா மேடம் பட்டுப் புடவையில் இருந்தார்.

"ஸாரி மித்ரா, இன்னைக்கு யுனிவர்சிட்டி கமிட்டி வருது. தள்ளிப் போடலாம்னு பாத்தேன், ஆனா போஸ்ட் இந்த வாரமே ஃபில் பண்ணணும். பதினொண்ணுக்குள்ள முடிச்சிடுங்க" என்றார்.

என் அறை வராந்தாவின் கோடியில் இருந்தது. கதவுக்கு வெளியே உத்தரத்திலிருந்து ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. அதுதான் கல்லூரி மணி. அதன் கீழே ஸ்டூல் போட்டு, மடியில் இரும்புக் கம்பியை வைத்துக்கொண்டு, காக்கிச் சட்டையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"நமஸ்காரா மேடம். திண்டி ஆய்த்தா?"

"ஆச்சு. வீட்ல இட்லி."

"ஓ, தமிழா? நானும் பேசுவேன் மேடம். ஒசூர்ல மாமனார் வீடு. நான் கெம்பண்ணா, அட்டெண்டர்."

அவர் ஏன் மற்ற எல்லா இடத்தையும் விட்டுவிட்டு என் அறை வாசலில் கம்பியோடு உட்கார்ந்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. நான் ஒரு அட்டெண்டரின் மகள். வேலை நேரத்தில் ஒரு அட்டெண்டர் ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் யாரோ அவரை அங்கே உட்காரச் சொல்லியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு தெரிந்துகொண்டதை, வரிசை குழம்பாமல் இருக்க, இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரின்சிபல் அந்த ஆய்வுக் குழுவை எதிர்கொண்டு அழைத்துவர அத்திபெலே வரை போயிருந்தார். கார் ஊருக்குள் நுழைந்ததும் ஷைலஜா மேடத்துக்கு போன் செய்வார். மேடம் சொன்னதும் கெம்பண்ணா நீளமணி, அதாவது நிறுத்தாமல், அடிக்க வேண்டும். எல்லா மாணவர்களும் மைதானத்துக்கு வந்து வரிசையாக நிற்பார்கள். பிரின்சிபல் கெம்பண்ணாவிடம் சொல்லிவிட்டுப் போனது இவ்வளவுதான்: "மேடம் அந்த ரூம்ல இருப்பாங்க. உள்ளேருந்து சொன்னதும் அடிச்சிடு. கேள்வி கேட்டுட்டு நிக்காதே."

அதாவது, என் கிளாஸுக்கு வெளியே, 'பெல் அடி' என்ற வேலைக்காகவே ஒருவர் கம்பியோடு தயாராக இருந்தார். ஒரு பெண் குரலுக்காகக் காத்திருந்தார்.

வகுப்பு நன்றாகவே போனது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னால் வரப்போவதை ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும். ஒரு நிமிட நகைச்சுவைக்கு ஒன்றரை நிமிடம் சிரித்தார்கள். ஷைலஜா மேடம் இரண்டு முறை தலையாட்டினார், மூன்று முறை போனைப் பார்த்தார். 'பெல் அடி' அட்டையை முதல் பெஞ்சில் இருந்த பிந்து என்ற மாணவி வாங்கி மாட்டிக்கொண்டாள். நான் கையை நீட்டி "திஸ், பெல் அடி" என்றதும் டக்கென்று மேசையில் தட்டினாள். சிரிப்பு. கைதட்டல்.

"இப்போ திஸ் இல்லாம கூப்பிடப் போறேன். பி.எச்.பி. உள்ள தேடாது, வெளிய போய்த் தேடும். ஆனா இந்தப் பேர்ல வெளிய யாருமே இல்ல" என்றேன். (இந்த வாக்கியத்தை யசோ என் பிறந்தநாள் கேக்கில் எழுதச் சொல்லியிருக்கிறாள்.) "அதனால என்ன ஆகும்? பாருங்க."

வகுப்பில் பாதிப் பேர் கன்னடம், பாதிப் பேர் தமிழ், நடுவில் கொஞ்சம் தெலுங்கு. யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது என்று இரண்டு மொழியில் சொன்னேன். கடைசி பெஞ்சு வரை கேட்க வேண்டும் என்று சத்தமாகவும் சொன்னேன்.

"பெல் அடி! பெல் ஹொடி!"

பிந்து அசையவில்லை. அறையில் அமைதி. நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று. இரண்டு. மூன்று.

வெளியே ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது.

நான்கு.

டண் டண் டண் டண் டண் டண்.

கெம்பண்ணா அடித்ததை அடித்தல் என்று சொன்னால் போதாது. காலையிலிருந்து காத்திருந்த மனிதர். சுவரிலிருந்த படம் அதிர்ந்தது. பிந்து முகம் வெளுத்து, இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள்.

"மேடம், நான் அடிக்கல!"

"தெரியுதும்மா" என்றேன்.

ஷைலஜா மேடம் தன் போனைப் பார்த்தார். அழைப்பு வரவில்லை. கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மூன்றையும் அவர் இணைத்துப் பார்த்த அந்த நொடி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு நல்ல நிரலாளரின் முகம் அது.

அதற்குள் வராந்தா முழுக்கக் காலடிச் சத்தம். என் வகுப்பும் என்னைக் கேட்காமல் கிளம்பிவிட்டது. பின்னாலேயே நானும் மேடமும் ஓடினோம். மைதானத்தில் கண்டவை: ஒரு பக்கம் மட்டும் கட்டிய ஷாமியானா. மேடையில் நாற்காலி இல்லை, மைக் இல்லை, விளக்குக்குத் திரி போடவில்லை. முதலாமாண்டு மாணவர்கள் எழுதிக்கொண்டிருந்த தேர்வை விட்டுவிட்டு, வினாத்தாளைக் கையில் பிடித்தபடி வந்திருந்தார்கள். (சிலர் வரிசையில் நின்றபடியே விடைகளைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள்.) முழங்கை வரை கோலப்பொடியோடு மாணவிகள். எல்லோரும் வெயிலில், ஒழுங்காக வரிசையில், யாரும் வராத மேடையைப் பார்த்தபடி நின்றார்கள். குழு இன்னும் அத்திபெலேயைத் தாண்டவில்லை.

கெம்பண்ணா கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வேலையைச் சரியாக முடித்த நிம்மதியோடு வந்தார்.

"ஆய்த்து மேடம்" என்றார் ஷைலஜா மேடத்திடம்.

மேடத்துக்கு அப்போது, எல்லாம் தயாரா என்று கேட்டு, வழியிலிருந்த பிரின்சிபலிடமிருந்து போன் வந்துவிட்டது. "சார்... வந்துட்டாங்க சார்... கமிட்டி இல்ல சார், பசங்க..." என்று தொடங்கியவர், போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம், "மித்ரா, ப்ளீஸ், எப்படியாவது இவங்களை கிளாஸுக்குத் திருப்பி அனுப்புங்க" என்றார்.

இங்கே நிறுத்தியிருந்தால் இது ஒரு சின்னச் சம்பவம். அரை மணி நேரம் வெயிலில் நின்றிருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் எனக்கு ஒரு பொறுப்பு கொடுத்துவிட்டார்கள். நான் படித்தவள். பதற்றப்படாதவள். நிலைமையை ஆராய்ந்தேன்.

"கெம்பண்ணா, கிளாஸுக்குத் திரும்பிப் போறதுக்கு என்ன பெல்?"

"அதுக்குப் பெல் இல்ல மேடம். ஒண்ணு அடிச்சா பீரியடு. மூணு அடிச்சா சாப்பாடு. விடாம அடிச்சா கிரவுண்டு."

நான் யோசித்தேன். சுவிட்சை ஒரு தடவை அழுத்தினால் விளக்கு எரிகிறது. மறுபடி அழுத்தினால் அணைகிறது.

"அப்ப மறுபடியும் விடாம அடிங்க. வந்தவங்க திரும்பிப் போவாங்க."

"மேடம், அது வந்து..."

"நான் சொல்றேன்ல? அடிங்க."

கெம்பண்ணா ஒரு முறை ஷைலஜா மேடத்தைப் பார்த்தார். மேடம் போனில் இருந்தார். பிறகு அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு முழு வாக்கியம் இருந்தது. நான் அதைக் கேட்கத் தயாராக இல்லை. அவர் போய் அடித்தார்.

அவர் சொல்ல வந்தது இது: சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடியேற்றி, பேச்சு முடிந்து, லட்டு கொடுத்தபின் ஒரு நீளமணி அடிப்பார்கள். மைதானத்தில் நிற்கும்போது நீளமணி கேட்டால் வீட்டுக்குப் போகலாம். எங்கேயும் எழுதி வைக்காத விதி. கல்லூரியில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த விதி.

மாணவர்கள் ஒரு நொடி நம்பாமல் நின்றார்கள். யாரோ ஒருவன், "லட்டு?" என்று கேட்டதும் காதில் விழுந்தது. அடுத்த நொடி வரிசைகள் எல்லாம் கேட்டைப் பார்த்துத் திரும்பின. நான் கையை விரித்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன். ஐந்நூறு பேர் என்னைச் சுற்றி மரியாதையாக வளைந்து போனார்கள். "பை மேடம்." "கிளாஸ் சூப்பர் மேடம்." அத்திபெலே போகும் ஷேர் ஆட்டோக்காரர்களுக்கு எப்படித்தான் தெரிந்ததோ, வாசலில் வரிசையாக நின்றார்கள்.

பதினொன்றே காலுக்கு வந்த குழுவின் கார் கேட்டில் அந்தக் கூட்டத்தை எதிர்கொண்டு நின்றுவிட்டது. பின்னிருக்கையில் இருந்த குழுத் தலைவி கண்ணாடியை இறக்கி, போய்க்கொண்டிருந்த ஒருவனிடம் என்ன விஷயம் என்று கேட்டார். அவன் உண்மையான மகிழ்ச்சியோடு, "ஹாலிடே மேடம்!" என்றான். முன்னிருக்கையில் பிரின்சிபல் இருந்தார்.

குழு காலி வகுப்பறைகளை ஆய்வு செய்துவிட்டு, வந்ததைவிட வேகமாகப் போய்விட்டது. இன்னொரு நாள் வருவதாகச் சொன்னார்களாம். நான் என் சான்றிதழ் கோப்பைத் திரும்ப வாங்க பிரின்சிபல் அறைக்குப் போனபோது, அவர் கெம்பண்ணாவை எதிரே நிறுத்தி வைத்திருந்தார். ஷைலஜா மேடம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். குமாஸ்தா பக்கத்து மேசையில் கெம்பண்ணாவுக்கான மெமோவைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

"யாரு சொன்னா உனக்கு அடிக்க?"

"மேடம் சொன்னாங்க சார்."

"எந்த மேடம்?"

கெம்பண்ணா ஷைலஜா மேடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"ரூம் உள்ளேருந்து சத்தம் வந்துச்சு சார். நான் மூஞ்சி பாக்கல."

"ரெண்டாவது தடவை?"

"...அதுவும் பாக்கல சார்."

ஷைலஜா மேடம் எழுந்து வந்து என் காதருகே, "நீங்க கிளம்புங்க மித்ரா. உங்க டெமோ எனக்குப் பிடிச்சுது. சார் கிட்ட நான் பேசறேன். இது இன்டர்னல் மேட்டர், உங்களுக்குச் சம்பந்தமில்ல" என்றார்.

அதாவது, கோப்பை எடுத்துக்கொண்டு கதவைத் தாண்டினால் வேலை எனக்கு. அப்பா ஆசிரியர் அறையில் சொன்னது உண்மையாகிவிடும்.

மெமோ என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நான் ஆறாவது படிக்கும்போது அப்பாவுக்கு ஒன்று வந்தது. மணியை நான்கு நிமிடம் முன்னால் அடித்துவிட்டார் என்று. கடிகாரத்தைத் திருப்பி வைத்தது வேறொருவர். அதற்கு ஆங்கிலத்தில் பதில் எழுத வேண்டும் என்பதால், அப்பா சொல்லச் சொல்ல நான்தான் என் பள்ளிக்கூடக் கையெழுத்தில் எழுதினேன். 'ஐயா, என் மேல் தவறில்லை' என்ற இடத்தில் அப்பா நிறுத்திவிட்டு, அதை அடித்துவிட்டு 'மன்னிக்கவும்' என்று போடச் சொன்னார். அதனால்தான் இன்றும் 'எரரே வந்ததில்ல' என்று சொல்லும்போது அவர் குரல் உயர்கிறது.

நான் குமாஸ்தாவிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டேன். நின்றபடியே எழுதினேன். பதற்றமானால் எனக்குப் பட்டியலாகத்தான் எழுத வரும். இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் இருக்கும் எட்டு வரிகளும் அந்தத் தாளில் இருந்தவைதான். கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பிரின்சிபல் படித்தார்.

"என்ன இது, ப்ரோக்ராமா?"

"நடந்த வரிசை சார்."

"நாலாவது நீங்க?"

"ஆமா சார்."

"ஏழாவது?"

"அதுவும் நான்தான் சார்."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு குமாஸ்தாவிடமிருந்து மெமோவை வாங்கி, கையெழுத்துப் போடாமல் டிராயருக்குள் வைத்தார். "போஸ்ட் விஷயமா நாங்க இன்ஃபார்ம் பண்றோம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான்கு மாதம் விண்ணப்பம் போட்டவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கெம்பண்ணா என்னோடு கேட் வரை வந்தார்.

"ஏன் மேடம், நான்தான் மூஞ்சி பாக்கலன்னு சொல்லிட்டேனே. நீங்க சும்னே இருந்திருக்கலாம்ல?"

"எங்கப்பாவும் ஸ்கூல்ல பெல் அடிக்கிறவர்தான்."

கெம்பண்ணா நின்றுவிட்டார்.

"கரண்டு பெல்லா? ரெயில் துண்டா?"

"ரெயில்."

"நம்பர் குடுங்க மேடம்" என்றார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். வேலை கிடைக்காது என்பதையும் சொன்னேன். அப்பா ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"லாங் பெல் எவ்ளோ நேரம் அடிச்சாரு?"

"ஒரு நிமிஷம் இருக்கும்பா."

"நடுவுல விடாமயா?"

"விடாம."

"நல்ல கை" என்றார் அப்பா. பிறகு, "நாளைக்கு ஸ்டாஃப் ரூம்ல நானே சொல்லிக்கிறேன். நீ அத நெனச்சிட்டு இருக்காத" என்றார்.

"மூணு தடவ டெஸ்ட் ஃபெயிலாச்சேக்கா, அப்பவே நெனச்சேன்" என்றாள் யசோ. அம்மா சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் முழுதாக நிற்கவில்லை.

அதன்பின் எங்கள் வீட்டில் யாரும் பொதுவாகக் கூப்பிட்டால் அசைவதில்லை. அம்மா அடுப்படியிலிருந்து, "யாராவது தண்ணி புடிச்சு வைங்க" என்று குரல் கொடுத்தால், யசோ உட்கார்ந்த இடத்திலிருந்தே, "எரர்" என்பாள். அம்மா கரண்டியோடு வந்து அம்புக்குறி காட்டிக் கூப்பிட வேண்டும். சில நாள், "வெளிய கெம்பண்ணா இருக்காரா பாரு" என்று அம்மாவே சொல்லிவிட்டுப் போய்ப் பிடித்துக்கொள்வார். கெம்பண்ணா ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவுக்கு போன் செய்கிறார். முக்கால் மணி நேரம் பேசுகிறார்கள். கம்பியால் அடிப்பதா சுத்தியலால் அடிப்பதா என்பதில் இன்னும் முடிவு வரவில்லை.

அந்தப் பருவம் முடிந்ததும் ஷைலஜா மேடம் எனக்கு ஒரு விடைத்தாளின் படத்தை அனுப்பினார். பெயரை மறைத்திருந்தார். கேள்வி, திஸ் இல்லாமல் மெத்தடை அழைத்தால் என்னவாகும் என்பது. ஒரு மாணவர் எழுதியிருந்த ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னால்: 'உள்ளே தேடாது. வெளியே தேடும். வெளியே யாரும் இல்லையென்றால் எரர். வெளியே கெம்பண்ணா இருந்தால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.' மேடம் முழு மதிப்பெண் கொடுத்திருந்தார். கீழே, 'இந்தக் கேள்வியில் யாருமே தவறவில்லை' என்று ஒரு வரி.

இப்போதைய நிலை இது. அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை, ஒசூரிலிருந்து வரும் ஒருவருக்குப் போனது. நான் கோரமங்களாவில் ஒரு சிறிய நிறுவனத்தில் மறுபடியும் இணையதளங்களுக்கு நிரல் எழுதுகிறேன், திஸ் போட மறப்பதில்லை. குழு இன்னொரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. மெமோ இன்னும் கையெழுத்தில்லாமல் அந்த டிராயரில் இருக்கிறது என்கிறார் கெம்பண்ணா. அவர்தான் இன்றும் அங்கே மணி அடிக்கிறார். ஆனால் இப்போதெல்லாம் உள்ளேயிருந்து யார் சொன்னாலும், கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கதவருகே வந்து, தலையை நீட்டி, "எனக்கா மேடம் சொன்னீங்க?" என்று கேட்ட பிறகுதான் அடிக்கிறாராம்.